ஹெஸ்டர் ஏன் பாஸ்டனுக்கே திரும்பி வந்தாள்?

அரூர் மாணவி

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முதல் வருடம், ஊர் அரூர் பக்கம். இந்த செமஸ்டரில் நத்தானியல் ஹாதோர்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ இருக்கிறது. கைடு வாங்கி ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் இரண்டாவது அத்தியாயத்தில் சிறை வாசலில் நின்று ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்கிற பெண்களைப் படித்ததும் எங்கள் தெரு ஞாபகம் வந்துவிட்டது, முழுசாகப் படித்து முடித்துவிட்டேன்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 1642 வாக்கில், இங்கிலாந்திலிருந்து போன பியூரிட்டன்கள் (ரொம்பக் கட்டுப்பாடான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்) குடியேறிய அமெரிக்க பாஸ்டன். கணவன் வந்து சேராமல் இருக்கும்போது ஹெஸ்டர் பிரின்னுக்குக் குழந்தை பிறக்கிறது. தகப்பன் யார் என்று சொல்லவே மாட்டேன் என்கிறாள். கைக்குழந்தையோடு ஊர் நடுவே மேடையில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், அப்புறம் சாகும்வரை நெஞ்சில் சிவப்புத் துணியில் ‘ஏ’ என்ற எழுத்தை (கள்ள உறவைக் குறிக்கும் ‘அடல்ட்ரி’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து, A) தைத்துக்கொண்டு நடமாட வேண்டும், இதுதான் தண்டனை. தகப்பன் வேறு யாருமில்லை, ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற இளம் போதகர் டிம்ஸ்டேல். தொலைந்துபோனதாக நினைத்த கணவன் சில்லிங்வொர்த் என்று பெயரை மாற்றிக்கொண்டு வைத்தியனாக வந்து, போதகரோடு ஒரே வீட்டில் தங்கி, அவரை உள்ளுக்குள்ளேயே அரித்து எடுக்கிறான். ஏழு வருடம் கழித்து அவர் அதே மேடையில் ஏறி உண்மையைச் சொல்லிவிட்டு உயிரை விடுகிறார்.

என் சந்தேகம் கடைசி அத்தியாயத்தில். சில்லிங்வொர்த் தன் சொத்தையெல்லாம் அவள் மகள் பெர்ல் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு ஒரு வருடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறான். தாயும் மகளும் கடல் கடந்து போகிறார்கள். பெர்லுக்கு அங்கேயே பெரிய இடத்தில் கல்யாணம் ஆன மாதிரித் தெரிகிறது. காசு இருக்கிறது, மகள் இருக்கிறாள், பழசைக் கிளற அங்கே ஆளே இல்லை. அப்படிப்பட்டவள் பல வருடம் கழித்துத் தன்னந்தனியாகப் பாஸ்டனுக்கே வந்து, கடலோரத்து அதே குடிசையைத் திறந்து, யாரும் சொல்லாமலே அந்த எழுத்தை எடுத்து மறுபடி மாட்டிக்கொள்கிறாள். எதற்கு?

பாவத்தை உணர்ந்து மனம் திருந்தியதால் என்று வகுப்பில் குறிப்பு கொடுத்தார்கள். எனக்கு ஒட்டவில்லை. காட்டில் டிம்ஸ்டேலைச் சந்திக்கும்போது, நாம் செய்ததற்கும் ஒரு புனிதம் இருந்தது, அப்போது நாமே அப்படித்தானே சொல்லிக்கொண்டோம் என்று கேட்கிறவள் அவள். திருந்தியவள் பேசுகிற பேச்சா இது? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

தருமபுரி பழைய வாசகர்

நல்ல கேள்விம்மா. ஆனால் திருந்தினாளா இல்லையா என்பதற்குப் போகுமுன் அந்த ஊரின் கணக்கு என்ன என்று பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் நம் ஊர்க் கணக்கை அங்கே போட்டுவிடுவோம்.

நமக்குப் பாவம் என்றால் கழிக்கக்கூடிய ஒன்று. தண்டம் கட்டலாம், மொட்டை போடலாம், தீ மிதிக்கலாம், பரிகாரம் செய்யலாம், எதுவும் முடியாவிட்டால் அடுத்த பிறவி இருக்கிறது. எலத்தகிரி, கோவிலூர் பக்கம் இருக்கிற கத்தோலிக்க நண்பர்களைக் கேட்டால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, அவர் சொல்கிற ஜெபத்தைச் செய்துவிட்டு எழுந்து வருவோம் என்பார்கள். பியூரிட்டன்கள் இந்த வாசல் எல்லாவற்றையும் ரோமன் கத்தோலிக்கத்தோடு சேர்த்துத் தூக்கி எறிந்தவர்கள். யாருக்கு மோட்சம், யாருக்கு நரகம் என்று கடவுள் ஆதியிலேயே முடிவு செய்துவிட்டார், நீ புண்ணியம் செய்து அதை மாற்றவே முடியாது என்பது அவர்கள் கால்வின் என்ற புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதியிடமிருந்து எடுத்துக்கொண்ட கொள்கை. மாற்ற முடியாது, சரி. ஆனால் நான் தேர்ந்தெடுக்கப்பட்டவனா, கைவிடப்பட்டவனா என்பதற்கு அறிகுறி தேடலாம். தேடிக்கொண்டே இருக்கலாம், தூங்கப் போகும்வரை.

இது வீட்டுக்குள் இருக்கிற விஷயமாகவும் இல்லை. சபையில் முழு உறுப்பினராக வேண்டுமானால், தனக்குள் அருள் வேலை செய்த கதையைச் சொல்லிச் சபையை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். 1631-லிருந்து, பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் பே குடியேற்றத்தில் சபை உறுப்பினரான ஆண்களுக்குத்தான் ஓட்டு. ஆக ஒருவன் மனசுக்குள் என்ன நடக்கிறது என்பது அரசியல் தகுதியாகிவிட்டது. அதுவும் போதாதென்று, 1630-ல் ஆளுநர் ஜான் வின்த்ரோப் சொன்னார் பாருங்கள், நாம் மலைமேல் கட்டிய நகரம், எல்லோருடைய கண்ணும் நம் மேல் என்று. கடவுளோடு ஊரே சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஒரு வீட்டில் தப்பு நடந்தால் கடவுள் கோபம் ஊர் மொத்தத்தின் மேலும் வரும். அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது அங்கே வம்பு இல்லை, கடமை.

சட்டமும் அப்படித்தான். 1641 சட்டத் தொகுப்பில் கள்ள உறவுக்கு மரண தண்டனை. வெறும் மிரட்டல் இல்லை, 1644-ல் பாஸ்டனில் மேரி லேதம் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணையும் ஜேம்ஸ் பிரிட்டன் என்பவனையும் தூக்கில் போட்டார்கள். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருந்தது ஒரு கிழவனுக்கு. அப்படியென்றால் ஹெஸ்டர் உண்மையில் இருந்திருந்தால் கழுத்துக்கே ஆபத்து. கதையில் புருஷன் கடலோடு போயிருக்கலாம் என்று இரக்கப்பட்டு மேடையோடு விட்டோம் என்கிறார்கள். எழுத்துத் தைப்பது மாசசூசெட்ஸ் சட்டத்தில் வந்தது 1694-ல், கதை நடக்கும் காலத்துக்கு ஐம்பது வருடம் கழித்து: ஒரு மணி நேரம் கழுத்தில் கயிறோடு தூக்கு மேடையில் உட்கார வேண்டும், சாட்டையடி, அப்புறம் இரண்டு அங்குல உயரத்தில் ‘ஏ’. பக்கத்துக் குடியேற்றமான பிளிமத்தில் கொஞ்சம் முன்னாலேயே, 1658-ல், இப்படி ஒன்று இருந்தது. ஹாதோர்ன் அதைப் பின்னுக்கு இழுத்து 1642-ல் வைத்துக்கொண்டார். கதைக்காரருக்கு அந்த உரிமை உண்டு.

இப்போது உங்கள் கேள்வி. அவள் திரும்பி வந்ததை மட்டும் ஏன் கேட்கிறீர்கள், முதலிலேயே ஏன் போகவில்லை என்றும் கேட்க வேண்டும். ஊரை விட்டுப் போகக்கூடாது என்று தண்டனையில் எங்குமே இல்லை, ஐந்தாவது அத்தியாயத்தில் ஹாதோர்னே அதைச் சொல்கிறார். வாழ்க்கைக்கு நிறம் கொடுத்த பெரிய சம்பவம் எங்கே நடந்ததோ அந்த இடத்தைப் பேய் மாதிரி மனிதன் சுற்றிக்கொண்டே இருப்பான், அந்த நிறம் எவ்வளவு கறுப்போ அவ்வளவு இறுக்கமாக என்கிறார். அப்புறம் மெதுவாக இன்னொரு காரணமும் சொல்கிறார், டிம்ஸ்டேல் அங்கே இருந்தார் என்று. திரும்பி வந்தபோது அவர் சமாதி அங்கே இருந்தது. கழிக்க வழி இல்லாத கணக்கை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், அதற்கு அது நடந்த இடத்திலேயே இருந்துவிடலாம் என்பதுதான் எனக்குத் தெரிகிற பதில்.

ராயக்கோட்டை டீச்சர்

சார் சட்டம் எல்லாம் நன்றாகச் சொன்னார். ஆனால் ‘நம் ஊர்க் கணக்கில் பாவம் கழிக்கக்கூடியது’ என்ற இடத்தில் நான் நிற்க மாட்டேன். யாருக்குக் கழிக்கக்கூடியது என்று கேட்க வேண்டும்.

எங்கள் பக்கம் ஒரு ஊர், பெயர் வேண்டாம். இதே மாதிரி ஒரு விவகாரம், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். அந்த ஆளுக்குத் தண்டம் போட்டார்கள், கட்டினான், பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்தான், அடுத்த மாரியம்மன் பண்டிகைக்கு அவன் வீட்டில் வரி வாங்கிக்கொண்டார்கள், முடிந்தது கதை. கொஞ்ச வருடத்தில் அவனே கூட்டத்தில் உட்கார்ந்து அடுத்தவனுக்கு நியாயம் சொன்னான். அந்தப் பெண்ணுக்குத் தண்டம்கூடக் கிடையாது. தண்டம் போட்டால் கட்டி முடிக்கலாமே! தள்ளிவைத்தார்கள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். பெங்களூருக்கு வீட்டு வேலைக்குப் போனவள் அம்மா சாவுக்குக்கூட வரவில்லை. சொல்லி அனுப்பினார்களா இல்லையா, அது வேறு.

அதனால் மாணவி கேட்ட கேள்வி எனக்கும் உறுத்துகிறது. நம் ஊர்ப் பெண் திரும்பவில்லை, ஹெஸ்டர் திரும்பினாள். என்ன வித்தியாசம்?

எனக்குப் பதில் ஊசியில் இருக்கிறது. ஹெஸ்டர் தையல்காரி. சிறை வாசலில் வெளியே வரும்போதே அந்த எழுத்தைத் தங்க நூலில் பூவேலை செய்து, ஊர் அனுமதிக்கிற ஆடம்பரத்தை மீறி, பார்க்கிறவர்கள் கண்ணைக் கூசுகிற மாதிரிதான் தைத்து மாட்டிக்கொண்டு வருகிறாள். அவமானச் சின்னத்தையே நகை மாதிரி ஆக்கிவிட்டாள், அந்தக் கூட்டத்துப் பெண்களுக்கு எரிச்சலே அதில்தான். அப்புறம் ஊர் என்ன செய்கிறது? அவளிடமே துணி கொடுக்கிறது. ஆளுநரின் கழுத்துப் பட்டை அவள் தைத்தது, போதகர்களின் பட்டை அவள் தைத்தது, பிறந்த குழந்தைக்குத் தொப்பி, செத்தவர்களுக்குப் போர்த்துகிற துணி எல்லாம் அவள் கை. ஒன்றே ஒன்றுதான் கொடுக்கவில்லை, கல்யாணப் பெண்ணின் முகத்திரை. அந்த ஒரு வரியில் ஹாதோர்ன் அந்த ஊரையே உரித்துவிட்டார்.

அவளிடம் ஒரு தொழில் இருந்தது, அது ஊருக்குத் தேவைப்பட்டது. காய்ச்சல் வந்த வீட்டில், சாவு வீட்டில் கூப்பிடாமலே போய் உட்கார்ந்தாள். வருடம் போகப் போக அந்த எழுத்துக்கு ஜனங்களே வேறு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார்கள், ‘ஏபிள்’, அதாவது திறமைசாலி என்று. தண்டனை கொடுத்தவர்கள் கையிலிருந்து அது நழுவிவிட்டது. திரும்பி வந்து மாட்டிக்கொள்ளும்போது அது அவளுடைய சொத்து, ஆளுநர் கொடுத்தது இல்லை. கடைசிக் காலத்தில் யார் அவள் குடிசைக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். பெண்கள். கைவிடப்பட்டவர்கள், யாரும் விரும்பாதவர்கள், தப்பான இடத்தில் மனசை வைத்துவிட்டவர்கள். ஏன் எங்களுக்கு இவ்வளவு கஷ்டம் என்று அவளிடம் வந்து கேட்கிறார்கள். இந்தப் பெண்கள் பெர்ல் இருக்கிற ஊரில் ஹெஸ்டரிடம் வருவார்களா? அங்கே அவள் ஒரு பணக்கார வீட்டு மாமியார், அவ்வளவுதான். இங்கே அவளுக்கு ஒரு வேலை இருந்தது.

ஹாதோர்ன் மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே புது நியாயம் ஒருநாள் வரும் என்று அவளைச் சொல்ல வைத்துவிட்டு, ஆனால் அதைக் கொண்டுவருகிறவள் பாவக் கறை படிந்தவளாக இருக்க முடியாது, அவமானத்தில் குனிந்தவளாக இருக்க முடியாது என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொள்ளவும் வைத்துவிட்டார். அந்த வரியில் அவருடைய பியூரிட்டன் தாத்தாமார்கள் பேசுகிறார்கள்.

அரூர் மாணவி

டீச்சர், அந்தக் குழாயடி விஷயம் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

அப்படியென்றால் ஹாதோர்ன் அவள் பக்கமா, ஊர் பக்கமா? பதின்மூன்றாவது அத்தியாயத்தில் ‘அந்த எழுத்து தன் வேலையைச் செய்து முடிக்கவில்லை’ என்று ஒரே வரியாகத் தனியாக நிறுத்தியிருக்கிறார். அவள் திருந்தவில்லை என்று குறை சொல்கிறாரா, இந்த மாதிரித் தண்டனை யாரையும் திருத்தாது என்று சொல்கிறாரா? அப்புறம் கடைசியில் அவள் பாவமும் துக்கமும் இங்கேதான், அவள் தவமும் இங்கேதான் இருக்கப்போகிறது என்கிறார். ‘இருக்கப்போகிறது’ என்றால் இனிமேல்தான் என்று அர்த்தமா? அப்படியானால் அந்த ஏழு வருடம் என்ன?

இன்னொன்று, காட்டில் எழுத்தைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தலைமுடியை அவிழ்த்துவிடுகிறாள் இல்லையா, அப்போது பெர்ல் ஓடையைத் தாண்டி வரவே மாட்டேன் என்று அலறுகிறாள். எழுத்தை மறுபடி மாட்டின பிறகுதான் அம்மா என்று கிட்டே வருகிறாள். பெற்ற பிள்ளைக்கே அது இல்லாமல் அம்மாவை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கே தன்னைத் தெரிந்திருக்குமா என்றுகூடத் தோன்றியது.

ஓசூர் ஷிப்ட்காரன்

நைட் ஷிப்டில் படித்த ஒரே கிளாசிக் இதுதான், அதனால் எனக்கும் கருத்து உண்டு. எல்லோரும் ஹெஸ்டரைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் போதகரை ஏன் விட்டுவிட்டீர்கள்? சுத்தக் கோழை. முதல் நாள் மேடைக்கு மேலே பால்கனியில் நின்றுகொண்டு, குழந்தையின் தகப்பன் பெயரைச் சொல் அம்மா, அவன்மேல் இரக்கப்பட்டு மறைக்காதே என்று அவளிடமே பிரசங்கம் பண்ணுகிறார். படித்துக்கொண்டிருந்த எனக்கே அறையலாம் போல இருந்தது. ஏழு வருடம் கழித்து நடுராத்திரியில், ஊர் தூங்கும்போது, மேடையில் ஏறி நிற்பது ஒரு பாவமன்னிப்பா? நாளைக்கு மத்தியானம் என்னோடும் அம்மாவோடும் இங்கே நிற்பாயா என்று அந்தச் சின்னப் பெண் கேட்டதும், நாளைக்கு இல்லை, நியாயத்தீர்ப்பு நாளில் என்கிறார். இதைவிட நல்ல வாய்தா கோர்ட்டில்கூடக் கிடைக்காது.

டீச்சர் சொன்ன ஆளாவது தண்டம் கட்டினான். இவர் அதுகூட இல்லை.

தருமபுரி பழைய வாசகர்

தம்பி சொல்வதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் தண்டம் கட்டியவனுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும். டிம்ஸ்டேலுக்கு வரவில்லை. நான் சொல்ல வந்தது அதுதான், டீச்சர் அதை ஆண் பெண் என்று பிரித்துக் காட்டியதால் இன்னும் தெளிவாகவே தெரிகிறது. நம் கூட்டத்தில் கணக்கு ஊருக்கும் ஆளுக்கும் நடுவே. ஊர் சரி என்றால் தீர்ந்தது, ஊர் இல்லை என்றால் தீராது, அந்தப் பெண்ணுக்குத் தீராத மாதிரி. பியூரிட்டனுக்கு ஊரே சரி என்று சொன்னாலும் தீராது.

அவர் சொல்லாமலே இருந்தார் என்பதும் முழு உண்மை இல்லை. பிரசங்க மேடையில் நின்று, நான் பாவிகளிலெல்லாம் கேடுகெட்ட பாவி, நீங்கள் வணங்குகிற நான் ஒரு பொய் என்று சொல்லத்தான் செய்கிறார். ஒரு முறை இல்லை, பல முறை. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஆஹா, இவ்வளவு பரிசுத்தவானே தன்னைப் பாவி என்றால் நம் கதி என்ன என்று இன்னும் அதிகமாகக் கும்பிட்டார்கள். எல்லோரும் பாவி என்பது அந்த மதத்தின் பாலபாடம், அதனால் ‘நான் பாவி’ என்ற வாக்கியத்துக்கு அங்கே மதிப்பே இல்லை, வணக்கம் சொல்கிற மாதிரிதான். அவருக்கும் அது தெரியும், தெரிந்தேதான் சொன்னார், ஹாதோர்ன் அங்கே அவரை விடவில்லை. பெயர், இடம், பெண், குழந்தை என்று குறிப்பிட்டுச் சொன்னால்தான் ஒப்புதல். பூட்டிய அலமாரியில் சாட்டை வைத்துக்கொண்டு தன்னையே அடித்துக்கொண்டார், முழங்கால் நடுங்கும்வரை விரதம் இருந்தார். அது அவர் வெறுத்த ரோமின் வழி என்பதையும் ஹாதோர்ன் குத்திக்காட்டாமல் விடவில்லை.

கடைசியில் பட்டப்பகலில், ஊர் முழுவதும் தேர்தல் நாள் கொண்டாட்டத்துக்குக் கூடியிருக்கும்போது, மேடையில் ஏறிச் சட்டையை விலக்கிக் காட்டிவிட்டுச் சாகிறார். அப்புறம் நடப்பதுதான் எனக்கு இந்த நாவலிலேயே பிடித்த இடம். நெஞ்சில் எழுத்து இருந்ததைப் பார்த்தோம் என்கிறார்கள் பலர். ஒன்றுமே இல்லை, பிறந்த குழந்தை நெஞ்சு மாதிரி இருந்தது என்று சாதிக்கிறார்கள் சிலர், அதுவும் ரொம்ப மரியாதைப்பட்ட ஆட்கள். அந்தப் பெண்ணோடு தனக்குச் சம்பந்தம் என்று அவர் சொல்லவே இல்லையாம். கடவுள் முன்னால் எல்லோரும் பாவிதான் என்று பாடம் நடத்தத்தான் அவள் கையில் சாய்ந்து செத்தாராம்! பெரிய மனிதர் தன் வாயால் ஒப்புக்கொண்டாலும் ஊர் விடுவதில்லை. இது 1850-ல் வந்த நாவல், ஆனால் எனக்கு இங்கே யார் யார் முகமோ ஞாபகம் வருகிறது, எழுத மாட்டேன்.

மாணவி கேட்டது, ஹாதோர்ன் யார் பக்கம் என்று. அவர் பிறந்தது 1804-ல், மாசசூசெட்ஸ் சேலத்தில் (நம் சேலம் இல்லை, 1965 வரை நாமும் சேலம் ஜில்லாதான் என்றாலும்). முதலில் வந்து குடியேறிய மூதாதை வில்லியம் ஹாதோர்ன், குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்ணைச் சாட்டையால் அடிக்கச் சொன்னவர். அவர் மகன் ஜான், 1692 சூனியக்காரி வழக்குகளில் விசாரித்த நீதிபதிகளில் ஒருவர். அந்த வழக்கில் பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள், வாதாட மறுத்த கைல்ஸ் கோரி என்ற கிழவரைக் கல்லை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். தான் அவர்களுடைய வாரிசாக நின்று அந்த வெட்கத்தை ஏற்றுக்கொள்கிறேன், சாபம் ஏதாவது இருந்தால் இத்தோடு தீரட்டும் என்று ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். கைடு படிக்கிறவர்கள் தாண்டிப் போகிற பகுதி அது. கூடவே அந்தத் தாத்தாமார் மேலிருந்து, கதைப் புத்தகம் எழுதுகிறவனா, இதெல்லாம் ஒரு தொழிலா என்று முணுமுணுப்பதாகவும் கற்பனை செய்து சிரிக்கிறார். அவர்கள் கையும் அவருக்குள் இருக்கிறது, அதை எதிர்த்து எழுதுகிற கையும் இருக்கிறது. டீச்சர் கோபப்பட்ட வரியில் ஒரு கை, கல்யாண முகத்திரை வரியில் இன்னொரு கை.

பட்டப்பகலில் நின்ற ஒரு ஆள் உண்மையிலும் உண்டு, ஓசூர் தம்பிக்காகச் சொல்கிறேன். அதே சேலம் வழக்கின் நீதிபதி சாமுவேல் சூவல், 1697-ல் பாஸ்டன் சபையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார். பழியும் வெட்கமும் என்னுடையது என்று அவர் எழுதிக் கொடுத்ததைப் போதகர் வாசித்தார்.

காவேரிப்பட்டணம் கூத்து ரசிகன்

நான் ஆங்கில இலக்கியம் படித்தவன் இல்லை, தம்பி மகளுக்காக வாசித்தது. அந்த மேடையைப் படிக்கும்போது எனக்குப் பாரதக் கூத்துதான் ஓடியது. நம் பக்கம் துரௌபதி அம்மன் கோயில்களில் துகிலுரிதல் ஆடும் ராத்திரி எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள், அத்தனை பேரும் அன்றைக்குச் சபைதான். அங்கே துரௌபதி வாய் திறந்து கேட்கிறாள், தன்னைத் தோற்றவன் என்னைப் பணயம் வைத்தது எந்தத் தர்மம் என்று. பீஷ்மரே தடுமாறுகிறார். ஹெஸ்டர் நேர் எதிர், வாயே திறக்க மாட்டேன் என்கிறாள். ஆனால் இரண்டு இடத்திலும் மேலே உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள்தான் பதில் இல்லாமல் நிற்கிறார்கள். ஹெஸ்டர் பேசாததில் அன்பும் இருக்கிறது, அதைவிடப் பெரிய பழிவாங்கலும் இருக்கிறது என்று என் எண்ணம். பெயரைச் சொல்லியிருந்தால் அந்த ஆள் அன்றைக்கே தண்டனை வாங்கி முடித்திருப்பான் அல்லவா?

அதே ஆசிரியரின் ‘யங் குட்மேன் பிரவுன்’ என்ற சின்னக் கதையையும் மாணவி படிக்க வேண்டும், 1835-ல் வந்தது. புதுசாகக் கல்யாணமான ஒருவன் ராத்திரி காட்டுக்குள் போகிறான். போதகர், தனக்கு வேதம் சொல்லிக்கொடுத்த கிழவி, கடைசியில் தன் பெண்டாட்டிவரை ஊர் முழுக்கச் சாத்தானின் பூசையில் நிற்பதைப் பார்க்கிறான். கனவா நிஜமா தெரியாது. மறுநாளிலிருந்து யாரையும் நம்ப மாட்டான், சாகும்வரை முகம் இருண்டே இருப்பான். எல்லோரும் பாவி என்று சொல்லிக்கொடுத்த ஊரில் ஒருவன் அதை நிஜமாகவே நம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கதை. ஹெஸ்டருக்கும் அந்த எழுத்தைப் போட்ட பிறகு மற்றவர்கள் நெஞ்சில் ஒளிந்திருப்பது தெரிகிற மாதிரி ஒரு உணர்வு வரும். ஆனால் அவள் அவனை மாதிரி இருண்டு போகவில்லை, கஞ்சி எடுத்துக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போனாள். இதைத் திருந்தினாள் என்றும் சொல்ல மாட்டேன், திருந்தவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

ராயக்கோட்டை டீச்சர்

கூத்து ரசிகன் அண்ணா, அந்தப் பழிவாங்கல் எனக்குத் தோன்றாத கோணம். ஆனால் ஒத்துக்கொள்ள முடியாது. அவள் அவரைக் காப்பாற்றத்தான் நினைத்தாள், புருஷன் யார் என்பதை மறைத்ததும் அவன் வாங்கிக்கொண்ட சத்தியத்துக்காக. பிறகு அதற்காகக் காட்டில் டிம்ஸ்டேலிடம் மன்னிப்புக் கேட்டு அழுகிறாளே. அவள் மனசார வருத்தப்படுவது அந்த ஒரு பொய்க்குத்தான். கள்ள உறவுக்கு இல்லை, ஏமாற்றியதற்கு. மாணவி, உன் பதிலை அங்கே தேடு.

பரீட்சையில் என்ன எழுதுவது என்று கவலைப்படாதே. திருந்தினாள் என்று குறிப்பில் இருப்பதை முதல் பத்தியில் எழுது, அடுத்த பத்தியில் பதின்மூன்றாவது அத்தியாய வரியைப் போட்டு, ஆசிரியரே முடிவு சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று எழுது. திருத்துகிறவர் மார்க்கைக் குறைக்க முடியாது.

அரூர் மாணவி

அந்தப் பொய்க்காக மட்டும் அழுகிறாள் என்பதை நான் கவனிக்கவே இல்லை டீச்சர், பதினேழாவது அத்தியாயத்தை மறுபடி எடுக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. இதே ஆசிரியரின் ‘தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்’ யாரிடமாவது இருக்கிறதா?

தருமபுரி பழைய வாசகர்

என்னிடம் இருக்கிறது, ஆனால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது, குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே எடுத்து போனில் படிக்கலாம். 1851-ல் வந்தது. மேத்யூ மால் என்பவனைச் சூனியக்காரன் என்று தூக்கில் போட வைத்து அவன் நிலத்தை எடுத்துக்கொண்ட ஒரு கர்னல், அதே நிலத்தில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்தன்றே நாற்காலியில் செத்துக் கிடப்பான், கழுத்துப் பட்டையில் ரத்தம். தூக்கு மேடையில் நின்று மால் சொன்னது, கடவுள் அவனுக்கு ரத்தம் குடிக்கக் கொடுப்பார் என்று. 1692-ல் சாரா குட் என்ற பெண் தூக்கில் தொங்குமுன் நிக்கோலஸ் நோய்ஸ் என்ற போதகரைப் பார்த்துச் சொன்ன சாபம் அது, அதைத்தான் ஹாதோர்ன் எடுத்து அங்கே வைத்திருக்கிறார். நடுவில் கொஞ்சம் இழுக்கும், விட்டுவிடாதே.